ஏறாத போல்ட்

காலை 9 மணிக்கு ஜாக்கியில் ஏறிய ஜீப், மாலை 4 மணிக்கும் இறங்கவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடியில் மல்லாந்து படுத்திருக்கும் மெக்கானிக், இரும்புக் கை ஒன்றின் துளை வழியே டார்ச் வெளிச்சத்தை அடித்து, சேஸிஸ் பிராக்கெட்டில் உள்ள துளையைப் பார்க்கிறார். முழு நிலவாகத் தெரியவேண்டியது பிறையாகத் தெரிகிறது. இடைவெளி அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் போல்ட் நுழைய மறுக்கிறது.

"ஒரு தட்டு தட்டினா ஏறிடாதா அண்ணாச்சி?" என்கிறார் வண்டிக்காரர்.

"ஏறும் தம்பி. அப்புறம் எறங்காது."

திருவனந்தபுரத்தில், கரமனை தாண்டி பாப்பனங்கோடு, நேமம், பாலராமபுரம் என்று நெய்யாற்றின்கரை நோக்கிப் போகும் சாலையில் இப்படிப்பட்ட காட்சி அபூர்வமல்ல. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து புழங்கும் பாதை இது. களியக்காவிளையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. மாநிலங்கள் பிரிந்தாலும் மெக்கானிக்குகளும் ஸ்பேர் பார்ட்ஸும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏறாத போல்ட்டுக்கு எந்தப் பக்கமும் ஒரே வைத்தியம்தான் உண்டு. அதைச் செய்யப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்ட்ரோல் ஆர்ம் என்பது பார்ப்பதற்கு அற்பமான பொருள். இரண்டு முனையிலும் கண் வைத்த ஓர் இரும்புத் தண்டு. ஒரு கண் சேஸிஸில், மறு கண் ஆக்ஸிலில். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும். ஆனால் ஆக்ஸில் முன்னே பின்னே ஓடாமல், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல், வண்டிக்கு நேர் குறுக்காக நிற்கவேண்டும் என்று கட்டளையிடுவது இந்தக் கைதான். பிரேக் போடும்போது சக்கரம் நிற்கிறது, வண்டி நிற்க மறுக்கிறது. அந்த இழுபறியின் முழு விசையும் இந்தத் தண்டுகள் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. அம்பாசடரிலும் பிரிமியர் பத்மினியிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அந்தப் பட்டைகளே எடையைத் தாங்கின, ஆக்ஸிலையும் பிடித்துக்கொண்டன. உயரம் வேண்டுமா? ஒரு பட்டையைக் கூட்டு. வண்டி உதைக்கும், அவ்வளவுதான். 1980-களில் மாருதி 800 காயில் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தது. 1990-ல் வந்த மாருதி 1000-லும், 1994-ல் வந்த எஸ்டீமிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடின. ஒவ்வொன்றையும் அடியிலிருந்து ஒரு கண்ட்ரோல் ஆர்ம் பிடித்திருந்தது. 1998-ல் டாடா சஃபாரி, பின்னாட்களில் 2020-ன் புதிய தார், 2023-ல் ஜிம்னி என்று ஜீப் வகை வண்டிகளும் பட்டையை விட்டுவிட்டு, முழு ஆக்ஸிலைக் கைகளால் பிடிக்கும் முறைக்கு வந்துவிட்டன. காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆக்ஸிலுக்கு வழிகாட்ட அதற்குத் தெரியாது. எனவே நீளவாட்டில் சில கைகள், குறுக்கே சேஸிஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் ஒரு கம்பி. பயணம் சொகுசானது. ஆனால் பழைய 'பட்டையைக் கூட்டு' மனசு மாறவில்லை.

வண்டியை மாற்றிப்பார்க்கும் ஆசை இழிவானதல்ல. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், ஓடியவற்றில் பல, வீட்டுக் கொல்லையிலும் பக்கத்து லேத் பட்டறையிலும் உருமாறிய கார்களே. கோவையின் கரிவர்தன், மாருதி 800-ன் எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரையே உருவாக்கினார். அந்தப் பரம்பரையில் இருந்துதான் இந்தியப் பந்தய ஓட்டுநர்கள் பலர் வந்தார்கள். ஒரு வித்தியாசம்: அந்தக் கார்கள் மூடிய தடத்தில் ஓடின. எதிரே பள்ளிக்கூட வேன் வரவில்லை.

கேரளத்துக்கோ ஜீப் மீது தனி மோகம். தேயிலை, ஏலக்காய், ரப்பர் தோட்டங்களுக்கு மனிதர்களையும் மூட்டைகளையும் சுமந்துபோன வண்டி என்பதால் வந்த பாசம் அது. 2021 டிசம்பரில் குருவாயூர் கோயிலுக்கு மகிந்திரா ஒரு தார் ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுத்தது. ஏலத்தில் அது 15.10 லட்சத்துக்குப் போய், சர்ச்சையாகி, 2022 ஜூனில் மறு ஏலத்தில் 43 லட்சத்துக்கு விலைபோனது. கிருஷ்ணனுக்குக் கொடுத்த வண்டி என்பதால் அந்த விலை. ஆனால் யானை கட்டும் கோயிலுக்கு ஜீப்பைக் கொடுப்பதும், அதற்கு ஊரே கூடிப் பேசுவதும் கேரளத்தில்தான் நடக்கும்.

இந்த மோகத்தின் அடுத்த படிதான் 'லிஃப்ட் கிட்'. நீளமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், பெரிய டயர். வண்டி 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர் உயரும். நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி ஏறும் இளைஞர்களுக்கு அந்த 2 அங்குலம்தான் கௌரவம். கிட் வந்த பெட்டியில் கண்ட்ரோல் ஆர்ம் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கீழ்க் கையின் நீளம் 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி சாதாரணமாக நிற்கும்போது, அதன் ஆக்ஸில் முனை சேஸிஸ் முனையைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் அந்தத் தாழ்வு 100 ஆகிறது. கை சரிந்து நிற்கும். சரிந்த கை தரையளவில் குறைவான தூரத்தைத்தான் எட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸைக் கூப்பிட்டால் விடை வருகிறது: ஆக்ஸில் சுமார் 7.6 மில்லிமீட்டர் முன்னோக்கி இழுக்கப்பட்டிருக்கும்.

மேல் கை அதைவிடக் குட்டை. 300 மில்லிமீட்டர், ஆரம்பத்தில் படுக்கைவாக்கில் இருந்தது என்று கொள்ளலாம். அது ஆக்ஸிலின் மேற்பகுதியை இழுக்கும் அளவு சுமார் 4.2 மில்லிமீட்டர். அடிப்பகுதி 7.6, மேற்பகுதி 4.2. இரண்டும் ஒன்றாக நகரவில்லை. ஆகவே ஆக்ஸில் நகர்ந்ததோடு நிற்காமல் சுழன்றும் விட்டது. இரண்டு கைகளுக்கும் இடையே 200 மில்லிமீட்டர் உயரம் என்றால் சுழற்சி சுமார் 1 டிகிரி. டிஃபரன்ஷியலின் மூக்கு அந்த அளவுக்கு மேலே தூக்கிக்கொள்கிறது.

ஒரு டிகிரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸ் ஜாயின்ட் உண்டு. இந்த ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது வேகம் சீராக இராது. ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் கோணலை மற்றொன்று நிமிர்த்திவிடும். சமம் கெட்டால் நிமிர்த்த ஆளில்லை. வண்டி 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு. டயரை பேலன்ஸ் செய்வார்கள், வீலை மாற்றுவார்கள். போகாது.

குறுக்குக் கம்பியின் குணம் இன்னும் விசித்திரம். 900 மில்லிமீட்டர் நீளக் கம்பி படுக்கையாக இருந்தால், முதல் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஆக்ஸில் 1.4 மில்லிமீட்டர்தான் பக்கவாட்டில் நகரும். கண்ணுக்கே தெரியாது. அடுத்த 50-க்கு 4.2. அதற்கடுத்த 50-க்கு 7. முதல் 2 அங்குலம் தந்த தைரியத்தில் இன்னொரு 2 அங்குலம் ஏற்றுபவர், மும்மடங்கு விலை கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வரும் வண்டிக்காரருக்குத் தெரியும். ஜீப் ஒரு பக்கமாக ஒதுங்கி, நண்டுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே, போல்ட் ஏறாததற்குப் புதிய கைமீது பழி போடுவதற்கு முன்பு யோசிக்கவேண்டும். கை தவறாக இருப்பதைவிட, அது எங்கே போய்ச் சேரவேண்டுமோ அந்த இடம் நகர்ந்துபோயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் பழைய கையையும் புதிய கையையும் தரையில் அருகருகே கிடத்துவார். இரண்டு கண்களிலும் கம்பியைச் செருகி, மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பார். கிட்டோடு வந்த கை சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கலாம். இழந்த தூரத்தை ஈடுகட்ட வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகைக் கையென்றால், பெட்டியில் எந்த அளவில் வந்ததோ அதுவே சரியான அளவு என்று நம்பிவிடக் கூடாது. இடது, வலது மாறிவிட்டதா என்பதையும் பார்ப்பார். சில கைகளில் வளைவு உண்டு; வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் பாதி நாள் போய்விடும். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது புஷ்ஷின் அகலம். உள்ளே இருக்கும் இரும்புக் குழல் பிராக்கெட்டின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் அளவாக உட்காரவேண்டும். தாடையில் தடிமனான பெயின்ட், துரு, பழைய போல்ட்டை அதிகமாக முறுக்கியதால் உள்ளே வளைந்த தகடு, எது இருந்தாலும் குழல் பாதியில் நிற்கும். சங்குமுகம், விழிஞ்ஞம் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றும் ஒரு கை பார்த்திருக்கும். பழைய போல்ட் குழலோடு ஒட்டி ஒன்றாகிவிட்டிருக்கும். ஸ்பேனர் போட்டால் போல்ட் சுற்றும், வெளியே வராது; ரப்பர்தான் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெயை ஊற்றி ஓரிரவு விட்டுவிடுவது நல்லது. அவசரக்காரர் கேஸ் வெல்டிங்கைக் கொண்டுவந்து சூடு காட்டுவார். ரப்பர் தீப்பிடித்துப் புகையும். டீசல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைவு சற்றுத் தாமதமாக வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிறை முழு நிலவாகவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் ஜாக்கி நிற்கும் இடத்தில் இருக்கிறது. வண்டியைச் சேஸிஸில் தூக்கி நிறுத்தினால் ஆக்ஸில் அந்தரத்தில் தொங்கும். ஷாக் அப்சார்பர் விடுகிற கடைசி அளவு வரைக்கும் இறங்கிவிடும். கைகள் செங்குத்தாகச் சரிந்து, ஆக்ஸிலை மேலும் முன்னால் இழுக்கும். மேல் கைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றியவர் இன்னொரு தொல்லையையும் வரவழைத்துக்கொள்கிறார்: பிடி விட்டதும் டிஃபரன்ஷியலின் மூக்கு தன் எடையில் கவிழ்ந்துவிடுகிறது. இப்போது நான்கு துளைகளும் நான்கு திசையில்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு கையைக் கழற்றி மாட்டிய பிறகே மறு கையைத் தொடுவார்கள். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டாவது ஜாக்கி வைத்து, வண்டியின் எடை அதன்மீது இறங்கும் வரை தூக்குவார்கள். மூக்குக்கு அடியில் மூன்றாவதாக ஒரு சிறிய ஜாக்கி. லாரியில் சரக்கைக் கட்டும் பெல்ட்டை ஆக்ஸிலில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அது மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துகொடுக்கும். துளைகள் நேரானதும் போல்ட்டைக் கையாலேயே தள்ளலாம். சுத்தியல் தேவைப்பட்டால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அப்படியும் ஏறாத வண்டிகள் சில உண்டு. அங்கே டேப்பை எடுத்து சேஸிஸை மூலைக்கு மூலை அளக்கவேண்டும். இரண்டு குறுக்களவுகளும் ஒத்துவரவில்லை என்றால், முந்தைய சொந்தக்காரர் எங்கேயோ மோதியிருக்கிறார். அந்தச் செய்தி ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

இத்தனை பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டு குறுக்குவழிகள். ஒன்று, போல்ட்டையே உளியாகப் பயன்படுத்தி அடித்து ஏற்றுவது. மரை சிதையும், குழல் காயப்படும், அடுத்தமுறை கழற்ற கட்டிங் மெஷின்தான். இரண்டாவது, துளையைப் பெரிதாக்குவது. கிரைண்டரோ கேஸ் கட்டிங்கோ, ஐந்து நிமிஷ வேலை. போல்ட் சுகமாக ஏறிவிடும். பிரச்சினை என்னவென்றால், ஏறாத போல்ட்டைவிட ஆபத்தானது சுகமாக ஏறும் போல்ட். 14 மில்லிமீட்டர் துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு என்னதான் முறுக்கினாலும், ஒவ்வொரு பிரேக்குக்கும் அது ஒரு முறை நகரும். முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு துளை முட்டை வடிவமாகும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் தகடு விரிசல் விடும். பின் ஆக்ஸிலின் ஒரு பக்கம் கைவிடப்பட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வண்டி திரும்பும்.

போல்ட் விஷயத்தில் இன்னொன்று. தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதன் வலிமையைச் சொல்லும் எண் அது. 10.9 இருந்த இடத்தில், சாலைக் கடைத்தெருவில் எடைக்கு வாங்கிய எண்ணில்லாத போல்ட்டைப் போடுபவர்கள் உண்டு. ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான அந்தச் சாலைத் தெருவில் கிடைக்காத சாமான் இல்லை என்பது உண்மை. அதற்காக கேட் கதவுக்கான போல்ட்டை ஆக்ஸிலில் மாட்ட முடியாது.

போல்ட் ஏறிவிட்டது. எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். இங்கேதான் மிகச் சாதாரணமான, மிக அதிகமாக நடக்கிற தவறு காத்திருக்கிறது. வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டை இறுக்கிவிடுவது.

புஷ் என்பது இரண்டு இரும்புக் குழல்களுக்கு நடுவே ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது உள்குழல் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது. கை மேலும் கீழும் ஆடும்போது குழல் வழுக்குவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு விடுகிறது. ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து அது முறுக்கிய நிலையிலேயே நிற்கிறது. நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு, பள்ளத்தில் விழுந்தால் முறுக்கின்மேல் முறுக்கு. சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் கிழியும். 'டூப்ளிகேட் புஷ்ஷைப் போட்டுட்டான்' என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். அவர்மீது எப்போதும் தவறு இருக்காது என்றில்லை. ஆனால் இந்தமுறை இல்லை.

சரியான முறை, போல்ட்டை விரலிறுக்கமாக விட்டுவிட்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அது தன் எடையில் தானே உட்கார்ந்த பிறகு, அடியில் புகுந்து டார்க் ரெஞ்சால் இறுக்குவது. குழியுள்ள ஒர்க்ஷாப்பில் இது சுலபம். குழி இல்லாத இடத்தில் முதுகு வலிக்கும். ஆகவேதான் பலரும் செய்வதில்லை. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டால் தீர்ந்தது என்பது இன்னொரு நம்பிக்கை. அது கிழியாது என்பது ஓரளவு சரி. ஆனால் முழு ஆக்ஸில் வண்டியில் ஒரு சக்கரம் கல்மீது ஏறும்போது கைகள் முறுக்கிக்கொடுக்க வேண்டும். கெட்டியான புஷ் அதை அனுமதிக்காமல் விசையைப் பிராக்கெட்டுக்கு அனுப்பிவிடும். கிரீஸ் வற்றினால் கீச்சென்று கத்தவும் செய்யும்.

இதுவரை கைகளின் கதை. கைகளைச் சரிசெய்துவிட்டால் வண்டி சரியாகிவிட்டதா? ஆக்ஸிலும் சேஸிஸும் விலகிய அந்த 50 மில்லிமீட்டரை நம்பி வேறு சில உறுப்புகளும் இருக்கின்றன. பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, ஹேண்ட்பிரேக் கேபிள் விறைத்து நிற்கிறதா, சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் ஒயர் இழுபடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஏ.பி.எஸ். வராத காலத்து ஜீப்புகள், வேன்கள், பிக்கப்புகள் பலவற்றில் பின் ஆக்ஸிலோடு ஒரு சிறு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. வண்டியில் சரக்கு ஏறினால் சேஸிஸ் தாழும். அதைக் கண்டு அந்த வால்வு பின்சக்கரங்களுக்கு அதிக பிரேக் அனுப்பும். சரக்கு இல்லாவிட்டால் சேஸிஸ் உயரும். பின் பிரேக்கைக் குறைக்கும். லிஃப்ட் கிட் போட்ட வண்டியைப் பார்த்து அது என்ன நினைக்கும்? வண்டி நிரந்தரமாகக் காலி என்று நினைத்துக்கொள்ளும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பொன்முடியிலிருந்து இறங்கும்போதும் பின் பிரேக்கைச் சிக்கனமாகவே கொடுக்கும். பொன்முடிப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வால்வைத் திரும்ப அமைக்கவேண்டும் என்று லிஃப்ட் கிட் விற்கும் எல்லோரும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு நகரத்தை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. கேரளப் போக்குவரத்து ஆணையரின் தலைமை அலுவலகம் திருவனந்தபுரம் வழுதக்காட்டில்தான் இருக்கிறது. மாநிலம் முழுவதும் உருமாற்றிய வண்டிகளைத் துரத்தும் உத்தரவுகள் புறப்படும் இடம் அது. அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், கேரளத்திலிருந்தே கிளம்பிப்போன ஒரு வழக்கு. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். நிறத்தை மாற்றுவது போன்றவற்றைப் பதிவுசெய்து கொள்ளலாம். அங்கீகரித்த கேஸ் கிட் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக அனுமதி பெற்று வண்டியை மாற்றியமைக்கலாம். அதற்கப்பால் கதவு மூடிவிட்டது.

2019 செப்டம்பர் 1 முதல் அபராதமும் வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். 'ஒன்றுக்கு' என்பதைக் கவனிக்கவேண்டும். டயர், ஸ்பிரிங், பம்பர், லைட் என்று அதிகாரி எண்ண ஆரம்பித்தால் கிட்டின் விலையைத் தாண்டிவிடும். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் சகோதரர்களின் வேன், 2024 மே மாதம் ஆலப்புழையில் காருக்குள் நீச்சல்குளம், அதே ஆண்டு ஜூலையில் வயநாட்டில் பதிவெண் இல்லாத ஜீப் என்று கேரளம் வரிசையாகப் பார்த்துவிட்டது. ஊர்வலம் போல் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நியாயமான குறையும் ஒன்று உண்டு. தயாரிப்பாளர்கள் புதிய மாடலைப் பரிசோதனைக்கு அனுப்ப புனேயிலும் மானேசரிலும் ஒரகடத்திலும் நிலையங்கள் இருக்கின்றன. ஒற்றை வண்டிக்காரர் தன் மாற்றம் பாதுகாப்பானதுதான் என்று நிரூபிக்கப் போய் நிற்க ஒரு கவுன்ட்டர் இல்லை. அளந்து, கணக்குப் போட்டு, வால்வையும் திருத்தி அமைத்தவரும், துளையைக் கேஸில் அறுத்தவரும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆர்.சி. விவரங்களில் வீல்பேஸ் என்று ஒரு கட்டம் உண்டு. ஆக்ஸில் 7.6 மில்லிமீட்டர் முன்னே வந்தபோது அந்த எண்ணும் சத்தமில்லாமல் பொய்யாகிவிட்டது. எந்த அதிகாரியும் அதை டேப் வைத்துப் பார்க்கப்போவதில்லை. ஆனால் விபத்து நடந்து, வண்டியைப் பார்க்க வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிவார். நீல நிறத்தில் மின்னும் கண்ட்ரோல் ஆர்ம், கம்பெனியிலிருந்து வந்ததல்ல என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு டார்ச்கூடத் தேவையில்லை.

தேய்ந்த கையைக் கழற்றி அதே அளவுக் கையைப் போடுவது பழுதுபார்ப்பு. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கரமனைப் பக்கத்து மெக்கானிக் கடைசியில் சொல்வதும் அதுதான். "பழைய ஸ்பிரிங் வீட்டுல கெடக்குதா தம்பி?"

பெரும்பாலும் கிடக்கும். மொட்டைமாடியிலோ, கோழிக்கூட்டுக்குப் பின்னாலோ, சாக்கில் சுற்றி. அது வந்துசேர மறுநாள் காலையாகிவிடுகிறது. லிஃப்ட் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழையதை வைத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொஞ்சம் உயர்த்தியதும் பிறை வளர்கிறது. மெக்கானிக் போல்ட்டின் மரையில் லேசாக எண்ணெய் தடவி, பெருவிரலால் தள்ளுகிறார். மறுமுனை அந்தப் பக்கத் தாடையில் எட்டிப்பார்க்கிறது. நட்டை நாலு சுற்று மட்டும் சுற்றிவிட்டு வெளியே வருகிறார்.

"முறுக்கலையா?"

"வீலை மாட்டு. கீழ எறக்கின பொறவு முறுக்குவோம்."